கடற்கரையில் காலி இடம் இல்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் அண்ணாச்சி போன மாதம் போனில் கூப்பிட்டார்கள். “நீரு கடலு, துறைமுகம்னு சுத்துற ஆளு. அதைப் பத்தியே பேசும்வே. ஆனா இருவது நிமிஷந்தான். அதுக்கு மேல போனா சாம்பார் ஆறிப்போயிரும்” என்றார்கள். கடனா ஆற்றுத் தண்ணீரில் நீச்சல் பழகியவனுக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். 2009-இல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து பி.இ. சிவில் படித்தேன். இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் சிறிய படகுத்துறைகளும் மீன் இறங்கு தளங்களும் வடிவமைக்கிற வேலை. மலையடிவாரத்தில் பிறந்தவனுக்குச் சோறு போடுவது கடல்தான்.

நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இது. இலங்கையின் வடபகுதியில், அதாவது யாழ்ப்பாணம் பக்கத்தில், கடற்கரை மக்களின் பாரம்பரியத்தை வைத்துச் சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். முடியுமா? முடியும் என்றால் யார் கையால், யாருக்காக? இதைக் கேட்க நமக்கு என்ன அவசியம் என்று தோன்றும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உள்ளூரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாம் படித்த காலத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருப்புடைமருதூருக்குப் போய்க் குளிக்காதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. நம் கடனா ஆறு தாமிரபரணியோடு சேருகிற இடம் அது. அந்தக் கோயில் கோபுரத்தின் உள்ளே பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. அதிலே ஒரு கப்பல், கப்பலில் குதிரைகள், வெளிநாட்டு வியாபாரிகள். முதல் தடவை பார்த்தபோது, “ஏலே, நம்ம ஆத்துல கப்பலு எப்படில வந்துச்சு?” என்று கேட்டுச் சிரித்தவன் நான். வந்தது ஆற்றில் அல்ல, கடலில். பொதிகையில் பிறக்கிற நம் ஆறு சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை அதன் முகத்துவாரத்தில் இருந்தது. கடல் பின்வாங்கி, இன்று கொற்கை உள்நாட்டுக் கிராமமாகி விட்டது. மலையடிவாரக் கோயிலில் கப்பலை வரைந்த ஓவியனுக்குக் கடல் அந்நியமில்லை. நமக்குத்தான் இடையில் மறந்துபோயிற்று.

2025 மார்ச்சில் நானும் என் மனைவியும் நாகப்பட்டினத்தில் ‘சிவகங்கை’ என்ற கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கினோம். சுமார் 60 கடல் மைல், நாலு மணி நேரம். சென்னையிலிருந்து ஆழ்வார்குறிச்சிக்கு வருகிற நேரத்தில் பாதிகூட இல்லை.

இந்தக் கடல்வழி புதிது அல்ல என்பதைத் தம்பிமார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வந்தபோது இருபக்க ரயிலும் அதோடு இணைந்தது. சென்னை எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறினால் கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் போர் மூண்ட காலத்தில் நின்றது. 2011 ஜூனில் நம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் விட்டார்கள். சில மாதத்தில் நின்றுவிட்டது. 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை ஆரம்பமாயிற்று. அதுவும் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிற்கும், பிறகு ஓடும். தரைவழியும் அப்படித்தான். 1990-இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014-இல்தான் மறுபடி யாழ்ப்பாணம் போனது. தண்டவாளம் போட்டது நம் இந்திய ரயில்வேயைச் சேர்ந்த இர்கான் நிறுவனம். பலாலி விமான நிலையம் 2019-இல் சர்வதேச நிலையமாகத் திறந்தது. ஆக, வழி திறந்தாயிற்று. வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்பதே இப்போது அங்கே பேச்சு.

காட்டுவதற்குப் பஞ்சமில்லை. குறிகட்டுவானில் படகு ஏறினால் நெடுந்தீவு. அங்கே வீட்டு மதில்கூடக் கடல் பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டியது; ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள் வெட்டவெளியில் மேய்கின்றன. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் புத்த விகாரையும் ஒரே தீவில் இருக்கின்றன. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று கடற்கரையில் பட்டத் திருவிழா. நம்ம ஊர் வால் பட்டம் இல்லை. கப்பல், பறவை, தேர் என்று உருவம் உருவமாகச் செய்து ஏற்றுகிறார்கள். ‘விண்’ என்ற நாணைப் பூட்டினால் பட்டம் வானத்தில் நின்று ரீங்காரம் செய்யும். அதே வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1938-இல் அது அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி அதை ஓட்டிப் போனவர்கள் வல்வெட்டித்துறைக்காரர்கள். இவ்வளவு இருக்கிற ஊருக்குச் சுற்றுலாப் பயணி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் ஒரு ஓட்டலில் தங்கினோம். பெயர் வேண்டாம். சுவரெல்லாம் நைலான் வலையைத் தொங்கவிட்டு, அதற்குள்ளே கலர் பல்பு. வாசலில் ஒரு பழைய வள்ளம், அதில் பூச்செடி. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நாலு இளைஞர்கள் வந்து, ஒரு கயிற்றை இழுக்கிற மாதிரி நடித்து, அம்பாப் பாட்டுப் பாடினார்கள். அம்பா என்பது கரைவலை இழுக்கும்போது மீனவர்கள் பாடுகிற பாட்டு. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கயிற்றின் அந்த முனையில் ஒன்றுமில்லை. ஒரு தூணில் கட்டியிருந்தார்கள்.

முடிந்த பிறகு அவர்களில் ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணை, அப்பா கரைவலைக்குப் போறவர். நான் இஞ்ச பாடுறது அவருக்குத் தெரியாது, சொல்லேல்லை” என்றான். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை. மறுநாள் அவனே எங்களைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். வடமராட்சி கிழக்கில் ஒரு சின்ன ஊர்.

நாங்கள் போன நேரம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வள்ளத்தில் வலையை ஏற்றிப் போய்க் கடலில் அரைவட்டமாக இறக்குவார்கள். இரண்டு பக்கக் கயிறும் கரையில் இருக்கும். இரண்டு பக்கமும் ஆள் நின்று மெல்ல மெல்ல இழுக்க, நடுவில் இருக்கிற ‘மடி’ மீனோடு கரைக்கு வரும். இதற்கு நீளமான, பாறை இல்லாத மணல் கரை வேண்டும். எந்த இடத்தில் யார் வலை இறக்கலாம் என்பதற்கு அங்கே முறை இருக்கிறது. அந்த இடத்துக்குப் ‘பாடு’ என்று பேர். நமக்குப் பார்த்தால் வெறும் மணல். அவர்களுக்கு நம் வயல் வரப்பு மாதிரி ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லை, உரிமை, முறை எல்லாம் உண்டு.

அன்றைக்கு இழுத்தது ஆட்கள் இல்லை. டிராக்டரில் பூட்டிய வின்ச். “அம்பா பாடலையா ஐயா?” என்று பையனின் அப்பாவிடம் கேட்டேன். “மெஷினுக்கு என்னத்துக்குத் தம்பி பாட்டு? இருவது முப்பது பேர் ஒண்டா இழுக்கேக்க மூச்சு ஒண்டா வரோணும், அதுக்குத்தான் பாட்டு” என்றார். பிறகு, “தம்பி எவடம்?” என்றார். திருநெல்வேலி என்றேன். “திருநெல்வேலியோ? கம்பஸ் பக்கமோ? கதையைக் கேட்டா அப்பிடித் தெரியேல்லையே!” என்றார். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. நான் தாமிரபரணித் திருநெல்வேலி என்று சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுப் புளியும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சுவது. பனையோலையைப் பிளாவாகக் கோலி அதில் ஊற்றிக் கொடுத்தார்கள். என் மனைவி சைவம். அவளுக்கென்று அந்த அம்மா தனியாக மரக்கறிக் கூழ் காய்ச்சியிருந்தார்கள். ஓட்டலில் இரண்டு நாளில் கிடைக்காத ஒன்று அந்த முற்றத்தில் கிடைத்தது. காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார்கள். பிறகு ரொம்ப வற்புறுத்தி, பிள்ளை கையில் கொடுத்தோம். அந்த நேரத்தில்தான் பெரியவர் இரண்டு கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி. “ராத்திரி உங்கட பக்கத்து இழுவைப் படகு வந்து போனா, விடிய எங்கட வலை இல்லை. பகலில உங்களை மாதிரி ஆக்கள் வந்து கூழ் நல்லா இருக்கெண்டு சொல்லுறியள். ரெண்டும் ஒரே கரையில இருந்துதானே வருகுது?” கையில் பிளாவை வைத்துக்கொண்டு நான் தலை குனிந்து இருந்தேன்.

இரண்டாவது கேள்வி. நான் என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். படகுத்துறை கட்டுகிற வேலை என்றேன். “நல்ல விஷயம். ஆருக்குக் கட்டுறியள்?” என்றார்.

நண்பர்களே, இதைச் சபையில் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் தென்கடற்கரையில் ஓர் ஊரில், ஒரு உல்லாச விடுதிக்குப் படகுத்துறை கட்ட அளவெடுக்கப் போனோம். ஊர் பேர் வேண்டாம். நாங்கள் போனது கரைவலை இறக்காத பருவம். மணலில் ஒன்றும் இல்லை. நான் வரைபடத்தில் அந்த இடத்தைக் கட்டம் போட்டு, ‘காலி இடம்’ என்று எழுதினேன். என் கையெழுத்து. துறை நல்லபடி முடிந்தது. அதோடு வேலியும் வந்தது. இரண்டு வருஷம் கழித்துக் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போனேன். பெண்கள் தார் ரோட்டு ஓரத்தில் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி போகும்போதெல்லாம் தூசி. ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, “சார், நீங்கதானே குச்சி ஊனி அளந்தது?” என்று கேட்டார்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் ‘காலி இடம்’ என்று எழுதிய மணலில்தான் அவர்கள் காலங்காலமாகக் கருவாடு போட்டிருக்கிறார்கள். ரோட்டுக் கருவாட்டுக்குச் சந்தையில் விலை குறைவு.

விதி தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றே சொல்கிறது. விதியில் இருக்கிறது. என் வரைபடத்தில் இல்லை. ஊரில் ஒரு ஆளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

ஆகவே யாழ்ப்பாணக் கரையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தத் தவறு செய்தவன் சொல்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது இடம். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் வடக்கின் கரையில் பல இடங்கள் மக்கள் கைக்கு வரவில்லை. மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 1990-இல் மக்களை விட்டுப் போனது. 2017 ஜூலையில்தான், 27 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. அதே காலத்தில் காங்கேசன்துறையில் ‘தல்செவன’ என்ற விடுதியை ராணுவம் நடத்தியது. காரைநகர் அருகே கடல் நடுவில் இருக்கிற ஒல்லாந்தர் கோட்டையைக் கடற்படை விடுதியாக்கியது. அரசியல் பேச நான் வரவில்லை. பொறியாளனாக ஒன்று மட்டும் சொல்கிறேன். வலை இறக்கவும் காயவைக்கவும் இடம் இல்லாத ஊரில் கடற்கரைப் பண்பாடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஓட்டல் தூணில் கட்டிய கயிறுதான் மிஞ்சும்.

இரண்டாவது தண்ணீர். இதைத் தாமிரபரணிக்காரர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. அடியில் சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. இயற்பியல் மாணவர்களுக்குத் தெரியும்: நன்னீருக்கு அடர்த்தி குறைவு. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். பம்பு வைத்து மேலே ஒரு அடியைக் குறைத்தால், கீழே உப்பு 40 அடி ஏறும். நிலாவரை என்கிற இடத்தில் ஒரு ஆழக் கிணறு இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. பாடப் புத்தகத்தில் படித்ததை அங்கே கண்ணால் பார்க்கலாம். இந்த ஊரில் நீச்சல் குளத்தோடு நூறு அறை ஓட்டல் கட்டினால், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்துதான் வரும். கழிவுநீரும் அதே கல்லுக்குள்தான் இறங்கும். அதனால் அங்கே வேண்டியது சின்ன அளவு: இருக்கிற வீட்டில் ஒரு அறை, மழைநீர்த் தொட்டி, ஒழுகாத கழிவுநீர்த் தொட்டி. இதற்குத்தான் நம்மைப் போன்ற பொறியாளர்கள் தேவை.

மூன்றாவது, யார் கை. இதற்கு உலகத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. நார்வே நாட்டின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, லோபோட்டன் என்று தீவுகள். குளிர்காலத்தில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காட் மீன் கூட்டம் கூட்டமாக வரும். வெளியூர் மீனவர்கள் வந்து தங்குவதற்குக் கரையில் மரக்குடில்கள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் ராஜா கட்டிவைத்த வழக்கம் என்கிறார்கள். ‘ரோர்பு’ என்று பேர். நம்ம பக்கத்து மீனவர் ‘வாடி’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் படகிலேயே படுக்க வசதி வந்ததும் குடில்கள் சும்மா கிடந்தன. அவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஆனால் மீன் தொழிலை விடவில்லை. இன்றைக்கும் அங்கே உப்புப் போடாமல் காற்றில் உலர்த்துகிற கருவாடு இத்தாலிக்குப் போகிறது. மீன் தலை நைஜீரியாவுக்குப் போகிறது. மீன் உலர்த்துகிற மரச்சட்டங்கள் ஊர் நடுவில் நிற்கின்றன. பயணி வந்து போட்டோ எடுப்பது அதைத்தான். தொழில் ஓடுகிறது, அதை ஒட்டிச் சுற்றுலா ஓடுகிறது. கேரளத்தில் குமரகத்தில் 2008 வாக்கில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாவும் இதே தடம்தான். ஓட்டல்கள் காய்கறியை உள்ளூர் குடும்பஸ்ரீப் பெண்களிடம் வாங்க வைத்தார்கள். பயணியின் காசு ஓட்டல் கல்லாவிலேயே தங்கிவிடாமல் ஊருக்குள் இறங்கியது.

வடமராட்சியில் அந்தப் பையன் ஓட்டலில் பாடுவதை அப்பாவிடம் ஏன் மறைத்தான் என்று எனக்கு இப்போது புரிகிறது. பாட்டு கேவலம் என்பதால் இல்லை. அப்பாவின் தொழிலை நடித்துக் காட்டிச் சம்பளம் வாங்குகிறான். அப்பாவின் தொழிலில் அந்த வருமானம் இல்லை. அவன் வீட்டுக்கே நாலு விருந்தாளி வந்து, முற்றத்தில் கூழ் குடித்து, கரைவலை பார்த்துவிட்டுப் போனால் அந்த மறைப்பு வேண்டியதில்லை. அம்பா பாடத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பினால் வாரத்தில் ஒரு நாள் வின்ச்சை நிறுத்திவிட்டுக் கையால் இழுக்கலாம்; வந்தவர்களும் கயிற்றைப் பிடிக்கலாம். அந்தக் கயிற்றின் முனையில் நிஜமான மடி இருக்கும், மடியில் மீன் இருக்கும். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது அந்த ஊர்தான். நானோ ஓட்டல் முதலாளியோ அல்ல.

இனிப் பெரியவரின் முதல் கேள்வி. இழுவைமடி கடல் தரையைச் சுரண்டிக்கொண்டு போகும். குஞ்சு குருமான் எல்லாம் போகும். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அதே ஆண்டு நம் பக்கம் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாற்றம் மெதுவாகத்தான் போகிறது. நம் மீனவர்கள் பட்ட பாடும் சின்னதல்ல. உயிர் போயிருக்கிறது, படகு போயிருக்கிறது, சிறையில் கிடந்திருக்கிறார்கள். கடன் வாங்கிப் படகு வைத்தவனிடம் நாளைக்கே விட்டுவிடு என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். ஆனாலும் அறுந்த வலைக்காரனும் தமிழன், கடன்பட்ட படகுக்காரனும் தமிழன் என்று மட்டும் சொல்லி நழுவிவிட முடியாது. போரில் எல்லாம் இழந்து, மறுபடி ஒரு வலை வாங்கினவனுக்கு அந்த வலைதான் எல்லாம். அவன் கரைக்கு நாம் விருந்தாளியாகப் போவதென்றால், அந்த வலை பத்திரமாக இருக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் வாய் திறந்து பேசுகிற கடமையும் நமக்கு உண்டு. பெரியவருக்கு அன்று நான் சொல்லாத பதிலை இன்று இந்தச் சபையில் சொல்கிறேன்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ஆரம்பத்தில் ஒரு கேள்வியை விட்டுவைத்தேன். பாபநாசத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். வண்டி வண்டியாக அள்ளினாலும் தீரவில்லை. ஏன் செய்கிறார்கள்? வந்தவர்கள் கண்ணுக்குத் தாமிரபரணியும் ஒரு காலி இடம். அதே ஆற்றங்கரைக் கோரையை அறுத்துத்தான் பத்தமடைப் பாய் நெய்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்துவிட்டது, கோரை விளைகிற கரை இருக்குமா? புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் நாளைக்குச் சுற்றுலா வளரும், வளரட்டும். அங்கே அளவெடுக்கப் போவது இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.

அவர்களுக்கு அனுபவத்தில் ஒரு வார்த்தை. கடற்கரையோ ஆற்றங்கரையோ, எந்த இடத்தையும் ‘காலி’ என்று எழுதும் முன் மூன்று தடவை போய்ப் பாருங்கள். விடியற்காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வேறு ஒரு பருவத்தில் ஒரு தடவை. மீன் பிடிக்கிறவரை ஒரு தடவை கேளுங்கள். மீன் காயப்போடுகிற அம்மாவைக் கட்டாயம் கேளுங்கள். டோட்டல் ஸ்டேஷன் கருவி அளவைச் சொல்லும். யார் இடம் என்று சொல்லாது. என் நிறுவனத்தில் இப்போது அளவெடுப்புப் படிவத்தில் இந்தக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். அந்தப் பழைய ஊரில் வேலியை எடுக்க என்னால் முடியவில்லை. மீன் உலர்த்த ரோட்டிலிருந்து தள்ளி ஒரு மேடை கட்ட வரைபடம் மட்டும் சம்பளம் வாங்காமல் போட்டுக் கொடுத்தேன். கட்டி முடித்திருக்கிறார்கள். கடன் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் சுற்றுலா போகிறோம். அடுத்த தடவை பத்துப் பதினைந்து பேராக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவோம். ஓட்டலில் அல்ல, இடம் தருகிற வீடுகளில் தங்குவோம். கூழுக்கு நியாயமான காசு கொடுப்போம். மாணவர் இருவரைச் சங்கச் செலவில் கூட்டிப் போவோம். அவர்கள் திரும்பி வந்து, பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை நம் ஆற்றங்கரையில் எந்த இடம் யாருக்கு எதற்கு என்று ஒரு வரைபடம் தயாரிக்கட்டும். திருப்புடைமருதூர் ஓவியன் கப்பலை வரைந்து வைத்தான். நாம் கரையை வரைந்து வைப்போம்.

செயலாளர் அண்ணாச்சி இரண்டாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சாம்பார் ஆறுவதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை.